திரும்பி வரும் வழிக்கும் ஒரு சீட்டு

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் வெளிநாட்டுப் பயணம் புதுமையன்று. கடைமடை வயல்களுக்குக் காவிரி நீர் காலத்தில் வந்தாலும் வராவிட்டாலும், சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வரும் பணம் இங்குள்ள பல குடும்பங்களின் அடுப்பை அணையாமல் காத்து வருகிறது. இன்று உழைக்கச் செல்லும் இளைஞர் மட்டுமன்றி, மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக அமெரிக்கா செல்லும் தாய்மாரும், எருசலேமுக்கும் உரோமைக்கும் திருப்பயணம் மேற்கொள்ளும் முதியோரும் நம் பங்குகளில் உள்ளனர்.

பயணம் உறுதியானதும் வீடு பரபரப்படைகிறது. பெட்டி வாங்குகிறோம், முறுக்கும் ஊறுகாயும் கட்டுகிறோம், மூன்று மாத மாத்திரைகளை எண்ணி வைக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்பவர் அரியர். போன இடத்தில் நோயில் விழுந்தால், அல்லது விபத்தில் சிக்கினால், அவரை ஊருக்கு யார் கொண்டு வருவார்? எவ்வாறு? யார் செலவில்?

“இன்ஷூரன்ஸ் போட்டாயிற்று” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அந்த இன்ஷூரன்ஸ் எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்று பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர் மிகச் சிலரே. பார்க்க வேண்டியவற்றைச் சற்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வைத்தியம் வேறு, வாகனம் வேறு

நல்ல சமாரியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். காயமுற்றவரைத் தம் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டு சென்றது ஓர் உதவி. அங்கே அவரைப் பேணுவதற்குப் பணம் கொடுத்தது மற்றோர் உதவி. காப்பீட்டிலும் இவ்விரண்டும் தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. மருத்துவமனைச் செலவை ஏற்கும் பத்திரம் நோயாளியைக் கொண்டு வரும் செலவையும் ஏற்கும் என்று எண்ணிவிடலாகாது.

படுக்கையில் உள்ள நோயாளியை வான்வழியே கொண்டு வருவது எளிதன்று. பயணிகள் விமானமாயின் ஸ்டிரெச்சர் பொருத்துவதற்கு வழக்கமாக ஆறு இருக்கைகளோ அதற்கு மேலோ தேவைப்படும். அவ்வளவுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். உடன் வரும் மருத்துவர் அல்லது செவிலியர், ஆக்சிஜன், இரு புறமும் ஆம்புலன்ஸ் ஆகியன தனிச் செலவுகள். எல்லா விமான நிறுவனங்களும் ஸ்டிரெச்சர் நோயாளியை ஏற்பதில்லை. ஏற்பவையும் மருத்துவரின் சான்றைப் பெற்று ஆராய்ந்த பின்னரே இடம் தருகின்றன. மருத்துவக் கருவிகள் பொருத்திய தனி விமானம் வேண்டுமாயின், தொலைவைப் பொறுத்துச் செலவு பல இலட்சங்களைத் தாண்டிச் செல்லும். ஒரு சிறு விவசாயக் குடும்பம் நிலத்தை விற்றாலும் ஈடு செய்ய இயலாத தொகை அது.

பணம் மட்டுமே தடையன்று. விமானம் உயரத்தில் பறக்கும்போது அதன் உட்பகுதியில் உள்ள காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும். உடலின் உட்பகுதியில் அடைபட்ட காற்று விரிவடையும். ஆகவே வயிற்றிலோ மூளையிலோ அறுவை நடந்தவர்களும், நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தவர்களும், மருத்துவர் இசையும் வரை பறக்கலாகாது. “உடனே கொண்டு வந்துவிடுங்கள்” என்று இங்கிருந்து உறவினர் கதறினாலும், காத்திருக்க வேண்டிய நாள்கள் உண்டு. அந்நாள்களின் மருத்துவமனைக் கட்டணத்தைத் தாங்கும் அளவுக்கு வைத்தியக் காப்பீடும் பெரிதாக இருத்தல் வேண்டும்.

உழைக்கச் செல்வோர்க்கு

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்னும் குறிப்பு இருக்கும். இவர்கள் சவுதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா முதலிய குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது, பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீட்டைக் கட்டாயம் எடுக்க வேண்டும். மத்திய அரசு 2003ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டம் 2017இல் திருத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ பத்து இலட்சம் ரூபாய் கிடைக்கும். உடல் தகுதியின்மையால் வேலை இழந்து திரும்புவோர்க்கு ஒருவழிச் சாதாரண வகுப்பு விமானக் கட்டணமும் உண்டு.

இக்காப்பீடு மிகவும் பயனுள்ளது, ஐயமில்லை. ஆயினும் ஒருவழிச் சாதாரணக் கட்டணம் என்பது இருக்கையில் அமர்ந்து வரக்கூடியவர்க்கே போதும். படுத்த படுக்கையாய் வருபவர்க்கு அது போதாது. மேலும், வேலைக்குச் செல்பவர் சுற்றுலா விசாவில் ஏறிச் சென்றால் இக்காப்பீட்டையே இழந்துவிடுகிறார். “முதலில் விசிட் விசாவில் போ, பிறகு மாற்றிக் கொள்ளலாம்” என்று சொல்லும் ஏஜென்ட், அந்த இளைஞரிடமிருந்து எதைப் பறிக்கிறார் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

செல்லும் நாட்டின் சட்டம் தரும் காப்பும் உண்டு. சிங்கப்பூரில் வேலை அனுமதிச்சீட்டில் உள்ள தொழிலாளர்க்கு, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்காக ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளிக்கு முதலாளி காப்பீடு செய்ய வேண்டும் என்றிருந்தது. 2023 ஜூலை முதல் அத்தொகை 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் எல்லாப் பகுதிகளிலும் தனியார் நிறுவனத் தொழிலாளர்க்கும் வீட்டுப் பணியாளர்க்கும் 2025 ஜனவரி முதல் நலக் காப்பீடு கட்டாயம். இவை அந்நாட்டில் பெறும் வைத்தியத்திற்கானவை. ஊர் திரும்பும் செலவு யாருடையது என்பதை வேலை ஒப்பந்தத்தில் எழுதச் செய்து, அதன் நகலொன்றை வீட்டில் வைத்துக் கொள்வது நன்று.

உறவினரைக் காணவும் திருத்தலம் காணவும் செல்வோர்க்கு

உரோமை, லூர்து, பாத்திமா ஆகிய திருத்தலங்கள் உள்ள நாடுகள் ஷெங்கன் விசா ஒப்பந்தத்தில் சேர்ந்தவை. அவ்விசா பெறுவதற்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். நோய் காரணமாகத் தாயகம் திரும்பும் செலவு, அவசரச் சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, இறப்பு ஆகியவற்றை அது உள்ளடக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய விசாச் சட்ட விதி. ஆகவே ஐரோப்பா செல்வோர்க்கு விதியே ஓரளவு காவலாக நிற்கிறது. அதே பயணத்தில் எருசலேமோ எகிப்தோ சேர்ந்திருந்தால், அந்நாடுகளும் பத்திரத்தில் அடங்குமா என்று கேட்க வேண்டும். போரினால் நேரும் தீங்கைப் பல பத்திரங்கள் விலக்கி வைக்கின்றன. 2023 அக்டோபரில் அங்குப் போர் மூண்ட பின்னர் அவ்விலக்கின் பொருளை நாம் நன்கு அறிவோம்.

அமெரிக்காவில் மருத்துவமனைக் கட்டணம் மிக அதிகம். பேரப்பிள்ளையைக் காணச் செல்லும் அறுபது, எழுபது வயதுப் பெற்றோர்க்கு மலிவான பத்திரத்தை வாங்கித் தருவது சிக்கனமாகாது. வயது ஏற ஏறக் காப்பீட்டுத் தொகைக்கு வரம்பு விதிக்கும் பத்திரங்களும் உள்ளன.

பத்திரத்தில் காண வேண்டியவை

பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். படித்த பிள்ளைகளை அருகில் அமர்த்திப் பின்வருவனவற்றைத் தேடச் சொல்லுங்கள்.

முதலாவது, “மெடிக்கல் இவாக்குவேஷன்”, “ரிபேட்ரியேஷன்” என்னும் இரு சொற்கள். முன்னது நோயாளியைத் தக்க மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது. பின்னது தாயகம் கொண்டு வருவது. சில பத்திரங்களில் இப்பின்னைய சொல் இறந்தவரின் உடலைக் கொண்டு வருவதை மட்டுமே குறிக்கும். இறந்தவரைக் கொண்டு வரப் பணம் தரும் பத்திரம், உயிரோடு இருப்பவரைக் கொண்டு வரத் தராமற் போகலாம். இவ்வேறுபாட்டை வாங்கும் முன்னரே தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, தொகை. கொண்டு வரும் செலவுக்கெனத் தனித் தொகை உண்டா, அன்றி வைத்தியத் தொகைக்குள்ளேயே அடங்கியதா? உள்ளடங்கியதாயின், மருத்துவமனைக் கட்டணம் போக மீதியே பயணத்திற்கு எஞ்சும்.

மூன்றாவது, முடிவு செய்பவர் யார்? பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் அமர்த்திய உதவி நிலையத்தின் மருத்துவர், சிகிச்சை தரும் மருத்துவரோடு பேசி முடிவு செய்வார். அவர்களைக் கேளாமல் குடும்பத்தார் தாமே விமானம் ஏற்பாடு செய்தால் அச்செலவு திரும்பக் கிடைக்காமற் போகலாம். ஆகையால் ஆபத்து நேர்ந்ததும் செய்ய வேண்டிய முதற் பணி, பத்திரத்தில் உள்ள இருபத்து நான்கு மணி நேரத் தொலைபேசி எண்ணை அழைப்பதே.

நான்காவது, எதுவரை? விமான நிலையத்தோடு பொறுப்பு முடிகிறதா, மருத்துவமனை வரை நீள்கிறதா? திருச்சி விமான நிலையத்திலிருந்து பட்டுக்கோட்டை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அந்த நூறு கிலோமீட்டருக்கும் ஆம்புலன்ஸ் வேண்டும். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறிடத்துக்கோ கொண்டு செல்வதாயின் அங்கே படுக்கையும் முன்னரே உறுதி செய்யப்பட வேண்டும்.

ஐந்தாவது, முன்பே உள்ள நோய். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் ஆகியவற்றை விண்ணப்பத்தில் மறைத்தால் பிரீமியம் குறையலாம். உரிமை கோரும்போது முழுப் பணமும் மறுக்கப்படலாம். உண்மையை எழுதி, அந்நோய் திடீரென முற்றினால் என்ன கிடைக்கும் என்று எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். பல பத்திரங்கள் இத்தகைய நோய்களை அறவே விலக்குகின்றன. சில, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் வரம்புக்கு உட்பட்டு உதவுகின்றன.

கை கொடுப்போர்

காப்பீடு இல்லாமலோ போதாமலோ துன்புறுவோர்க்கு இந்தியத் தூதரகமே முதற் புகலிடம். 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, வசதியற்றவர்களுக்கு அவசரச் சிகிச்சைக்கும், நாடு திரும்பும் பயணத்துக்கும், உடலைக் கொண்டு வருவதற்கும் தூதரகங்கள் உதவுகின்றன. வீட்டிலிருப்போர் வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவை 1800 11 3090 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் அழைக்கலாம்.

இந்தியக் காப்பீட்டு நிறுவனம் நியாயமின்றிப் பணம் மறுத்தால், முதலில் அந்நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். ஐம்பது இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

புறப்படும் முன்

ஒரு தாளில் பத்திர எண், உதவி நிலையத் தொலைபேசி எண், தூதரக எண், இரத்த வகை, உண்ணும் மருந்துகள், இங்குள்ள மருத்துவரின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு படி பயணியின் பாஸ்போர்ட்டோடு செல்லட்டும். மற்றொரு படி வீட்டில் எல்லாரும் அறிந்த இடத்தில் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு வெளிநாட்டிலிருந்து செய்தி வரும்போது, தேடித் திரியாமல் எடுக்கக்கூடிய இடமாக அது அமைய வேண்டும். வேலைக்குச் சென்றவரின் பத்திரம் காலாவதியாகும் நாளையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டு ஆண்டுகள் விரைவில் ஓடிவிடும்.

வழியனுப்பு விருந்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், நல்ல பத்திரத்துக்கும் மலிவான பத்திரத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு பல வேளைகளில் சிறியதே. விருந்தில் ஒரு பதார்த்தம் குறைந்தால் எவரும் மனம் வருந்தார். ஆனால் அயல்நாட்டு மருத்துவமனையில் படுத்திருக்கும் மகனை அழைத்து வர வழியின்றித் தாய் தவிப்பது, ஒரு மணி நேரம் பத்திரத்தைப் படித்திருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம். அந்த ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்கு முன்னரே, குடும்பமாய் அமர்ந்து செலவிடுவோமாக.