பின்டரெஸ்ட் தளத்தைப் பயன்படுத்தத் தொடங்குதல்

சஞ்சிகையொன்றில் நல்ல படமொன்றைக் கண்டால் அதனைக் கத்தரித்து, அறிவித்தல் பலகையில் குண்டூசியால் குத்தி வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. இதே செயலை இணையத்தில் செய்ய உதவும் சமூக வலைத்தளமே பின்டரெஸ்ட் ஆகும். குண்டூசியைக் குறிக்கும் 'பின்', ஆர்வத்தைக் குறிக்கும் 'இன்டரெஸ்ட்' ஆகிய இரு ஆங்கிலச் சொற்களும் இணைந்து இப்பெயர் உருவாயிற்று.

பென் சில்பர்மேன், போல் சியாரா, எவன் ஷார்ப் ஆகியோர் ஐக்கிய அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டு இதனைத் தொடங்கினர். ஆரம்பத்தில் அழைப்புப் பெற்றவர்கள் மாத்திரமே இதில் இணைய முடிந்தது. 2012 ஆகஸ்டில் இது அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. ஏனைய பல சமூக வலைத்தளங்களில் நாம் தெரிந்த ஆட்களைத் தேடிச் செல்கிறோம். இங்கு நமக்கு விருப்பமான விடயங்களைத் தேடிச் செல்கிறோம். இதுவே முக்கிய வேறுபாடாகும்.

1. அடிப்படைச் சொற்கள்

பின்: ஒரு படம் அல்லது காணொளி. பெரும்பாலான பின்களில் அப்படம் எடுக்கப்பட்ட இணையப் பக்கத்துக்கான இணைப்பும் அடங்கியிருக்கும்.

பலகை: ஒரே விடயம் சார்ந்த பின்களைச் சேர்த்து வைக்கும் இடம். சித்திரம், சமையல், வீட்டுத்தோட்டம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பலகை அமைக்கலாம்.

முகப்புப் பக்கம்: நீங்கள் தேடியவற்றையும் சேமித்தவற்றையும் அடிப்படையாகக் கொண்டு, தளம் உங்களுக்கெனத் தெரிவு செய்து காட்டும் பின்களின் தொகுதி. இவற்றிடையே விளம்பரங்களும் வரும்.

2. தொடங்கும் படிமுறை

(அ) மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், பிறந்த திகதி ஆகியவற்றை வழங்கிக் கணக்கொன்றை ஆரம்பிக்குக. 13 வயதுக்குக் குறைந்தோர் கணக்கு வைத்திருக்க முடியாது. 16 வயதுக்குக் குறைந்தோரின் கணக்குகளைத் தளம் தனிப்பட்டவையாகவே வைத்திருக்கும். வயதைக் கூட்டிக் கொடுப்பவர் இப்பாதுகாப்பைத் தாமே இழந்துவிடுகிறார்.

(ஆ) உங்களுக்கு ஆர்வமுள்ள சில விடயங்களைத் தெரிவு செய்க.

(இ) தேடற் பெட்டியில் திட்டமான சொற்களை இடுக. 'தோட்டம்' என்பதை விட 'போத்தலில் மரக்கறிச் செய்கை' என்பது பொருத்தமான பின்களைத் தரும்.

(ஈ) விரும்பிய பின்னைத் திறந்து, அதன் இணைப்பைச் சொடுக்கி மூலப் பக்கத்தை வாசிக்குக.

(உ) பயனுள்ளதாயின் உரிய பலகையில் சேமிக்குக. பிறர் பார்க்க வேண்டாமெனில் பலகையை இரகசியப் பலகையாக அமைக்கலாம்.

இவற்றுள் மாணவர் பலரும் தவறவிடுவது (ஈ) ஆகும்.

3. படம் மட்டும் போதுமா?

மாணவரொருவர் வெற்றுப் போத்தல்களைச் சுவரில் தொங்கவிட்டுச் சலாது வளர்க்கும் படமொன்றைப் பார்த்து, வீட்டில் அவ்வாறே செய்கிறார் எனக் கொள்வோம். ஒரு வாரத்தில் செடிகள் வாடிவிடுகின்றன. மேலதிக நீர் வடிவதற்குப் போத்தலில் துளையிட வேண்டும் என்பதைப் படம் கூறவில்லை. அது குளிரான நாடொன்றில் எடுக்கப்பட்டது என்பதையும், எமது வெயிலில் நிழல் தேவை என்பதையும் படம் கூறவில்லை. மூலப் பக்கத்தை வாசித்திருந்தால் இவற்றை அறிந்திருக்கலாம்.

சில பின்களில் இணைப்பு இராது. சிலவற்றில் அது தொடர்பற்ற பக்கமொன்றைத் திறக்கும். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட படங்களும் இன்று பெருமளவில் உள்ளன. 2025 ஆம் ஆண்டில் பின்டரெஸ்ட் இத்தகைய படங்களுக்கு அடையாளக் குறிப்பு இடத் தொடங்கியது. எனினும் எல்லாப் படங்களும் இனங்காணப்படும் என எண்ணலாகாது. மூலம் தெரியாத படத்தை நம்பிப் பணத்தையோ நேரத்தையோ செலவிட வேண்டாம்.

4. படம் யாருக்குச் சொந்தம்?

பின்னைச் சேமிப்பதால் படம் உங்களுக்குச் சொந்தமாகாது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படங்களுக்கும் சித்திரங்களுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு வழங்குகிறது. இதற்குப் படைப்பைப் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. எனவே ஒப்படையில் படமொன்றைச் சேர்க்கும்போது அதனை ஆக்கியவரின் பெயரையும் மூலப் பக்கத்தின் முகவரியையும் எழுதுக.

மாதிரி வினா

மாணவியொருவர் தமது ஒப்படையிலுள்ள படத்தின் கீழ் 'நன்றி: பின்டரெஸ்ட்' என எழுதியுள்ளார். இது போதுமானதா? காரணம் தருக.

விடை

போதுமானதன்று. பின்டரெஸ்ட் என்பது படங்களைச் சேர்த்துக் காட்டும் தளமேயன்றி, அப்படத்தை ஆக்கியவர் அன்று. பின்னிலுள்ள இணைப்பின் வழியே மூலப் பக்கத்துக்குச் சென்று, ஆக்கியவரின் பெயரையும் அப்பக்கத்தின் முகவரியையும் குறிப்பிட வேண்டும். மூலத்தைக் கண்டறிய முடியாவிடின் வேறொரு படத்தைத் தெரிவு செய்வதே சிறந்தது.

நினைவிற் கொள்க: பின் என்பது ஒரு வழிகாட்டிப் பலகை. அது காட்டும் இடத்துக்குச் சென்று பார்ப்பவரே அதனால் முழுப் பயன் பெறுவர்.