விரிதாளில் விரல்களின் வேலை

தட்டெழுத்துப் பொறி கந்தோர்களை ஆண்ட காலத்தை நினைவில் வைத்திருக்கும் நேயர்கள், கைதேர்ந்த தட்டெழுத்தாளர் வேலை செய்யும் பாங்கினைக் கண்டிருப்பார்கள். அவருடைய கண்கள் பக்கத்தில் வைத்த கையெழுத்துப் படியிலேயே பதிந்திருக்கும். விரல்களோ சாவிகளின் இடத்தைத் தாமே அறிந்து சென்று மீளும். இன்று அந்தப் பொறியின் இடத்தில் கணினி அமர்ந்திருக்கின்றது. சாவிப்பலகை மட்டும் பெரிதும் மாறாமல் அப்படியே இருக்கின்றது. ஆயினும் கணக்கு வேலை செய்வோருட் பலர், இரண்டு இலக்கங்களைப் பதிவதும், கையை எடுத்துச் சுட்டியைப் பற்றுவதும், திரையில் ஓரிடத்தைத் தேடி அழுத்துவதும், மீண்டும் சாவிப்பலகைக்குத் திரும்புவதுமாக நாளைக் கழிக்கின்றனர். இந்தப் போக்குவரவு ஒரு நாளில் எத்தனை முறை நிகழ்கின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. சுட்டியை அடிக்கடி நாடாமல், சாவிகளைக் கொண்டே விரிதாளில் வேலை செய்யும் முறையைப் பற்றி இன்று சிறிது விளக்க விரும்புகின்றேன்.

விரிதாள் என்பது என்ன? பழைய பேரேட்டைப் போல நிரைகளாகவும் நிரல்களாகவும் கோடிட்ட ஒரு தாள். ஆனால் கணக்கிடத் தெரிந்த தாள். நிரையும் நிரலும் சந்திக்கும் கட்டத்தைக் கலம் என்கின்றோம். ஒரு கலத்தில் இலக்கத்தை மாற்றினால், அதனைச் சார்ந்த கலங்களின் விடைகளெல்லாம் உடனே மாறும். அமெரிக்காவில் டான் பிரிக்ளின், பொப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் ஆக்கி, 1979ஆம் ஆண்டில் அப்பிள் 2 கணினிக்கென வெளியிட்ட விசிகல்க் என்னும் மென்பொருளே இதனை முதன்முதலிற் பெருவழக்காக்கியது. அந்தக் கணினிக்குச் சுட்டி கிடையாது. அம்புச் சாவிகளும் இடம், வலம் என இரண்டே. மேலுங்கீழும் செல்வதற்கு இடைவெளிச் சாவியைத் தட்டி அம்புகளின் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே விரிதாள் பிறந்ததே சாவிப்பலகையின் மடியிலேதான். இன்று பலரும் பயன்படுத்தும் எக்செல் மென்பொருள் 1985இல் மக்கின்ரொஷ் கணினிக்கும், 1987இல் விண்டோசுக்கும் வந்தது. நான் சொல்லப்போகும் சாவிகள் விண்டோசில் இயங்கும் எக்செலுக்கு உரியவை.

வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் ஆகிய மூன்றையும் அறியாதார் இலர். கொன்ட்ரோல் என்று பொறித்த சாவியை அழுத்தியவாறே எக்ஸ், சி, வி என்னும் எழுத்துக்களைத் தட்டினால் இம்மூன்றும் முறையே நிகழும். இஸட் எழுத்தைத் தட்டினால், செய்த பிழை மீளும். இந்நான்கு எழுத்துக்களும் சாவிப்பலகையின் அடி வரிசையில், இடக்கைப் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. இடக்கை தானிருக்கும் இடத்திலிருந்தே இவற்றைச் செய்து முடிக்கலாம். எனினும் பலருடைய அறிவு இந்நான்குடன் நின்றுவிடுகின்றது. விரிதாளுக்கே உரிய சாவிகள் இதற்கு அப்பால் இருக்கின்றன.

முதலில் நடமாட்டத்தைப் பார்ப்போம். ஒரு சங்கக்கடையின் விற்பனைக் கணக்கு மூவாயிரம் நிரைகளில் எழுதப்பட்டுள்ளது என்று வைத்துக்கொள்வோம். கடைசி நிரையைக் காண்பதற்குச் சுட்டியினால் திரையை உருட்டிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. கொன்ட்ரோல் சாவியை அழுத்தியவாறே கீழ்நோக்கிய அம்பைத் தட்டினால், தொடர்ந்து நிரம்பியிருக்கும் கலங்களின் இறுதிக்கு ஒரே பாய்ச்சலிற் சென்றுவிடலாம். மற்றை மூன்று அம்புகளும் தத்தம் திசையில் அவ்வாறே செயற்படும். கொன்ட்ரோலுடன் ஹோம் சாவி, தாளின் தொடக்கத்திற்குக் கொண்டுசெல்லும். இவற்றுடன் ஷிப்ட் சாவியையும் சேர்த்து அழுத்தினால், கடந்து செல்லும் கலங்களனைத்தும் தெரிவு செய்யப்படும். அம்பு நகர்த்தும், கொன்ட்ரோல் அந்த நகர்வைப் பாய்ச்சலாக்கும், ஷிப்ட் கடந்த இடத்தைத் தெரிவு செய்யும். இந்த ஒழுங்கினை மனத்தில் இருத்திக்கொண்டால், தனித்தனியே நெட்டுருப் போட வேண்டியவை மிகச் சிலவே.

அடுத்துக் கணக்கிடுதல். அதே விற்பனைக் கணக்கில் ஒவ்வொரு தொகைக்கும் வரி காண வேண்டும். வரி வீதம் தாளின் உச்சியில் ஒரு தனிக் கலத்தில் இருக்கின்றது. தொகை நிரலுக்கு வலப்பக்கத்து நிரலில், முதற் கலத்தில், தொகையை வீதத்தாற் பெருக்கும் சூத்திரத்தை எழுதுகின்றோம். அதனைக் கீழே படியெடுக்கும்போது, தொகையைச் சுட்டும் முகவரி நிரைக்கு நிரை இறங்க வேண்டும். வீதத்தைச் சுட்டும் முகவரியோ அசையாது நிற்க வேண்டும். சூத்திரத்தில் வீதத்தின் முகவரியை எழுதியவுடன் எஃப் 4 சாவியைத் தட்டினால், நிரலெழுத்துக்கும் நிரையிலக்கத்துக்கும் முன்னே டொலர்க் குறி விழும். அந்தக் குறியே முகவரியை அசையாமல் நிறுத்தும் ஆணி. என்டர் சாவியைத் தட்டிச் சூத்திரத்தை முடித்த பின், இடப்பக்கத்துத் தொகை நிரலுக்குச் சென்று கொன்ட்ரோலும் கீழம்புமாகக் கடைசித் தொகைக்குப் பாய வேண்டும். வலப்பக்கம் ஒரு கலம் நகர வேண்டும். கொன்ட்ரோல், ஷிப்ட், மேலம்பு மூன்றையும் அழுத்தினால் சூத்திரம் வரையிலான கலங்கள் யாவும் தெரிவாகும். பின் கொன்ட்ரோலுடன் டி எழுத்தைத் தட்ட, மூவாயிரம் விடைகளும் நிரம்பிவிடும். சொல்லும்போது நீண்டதாகத் தோன்றும் இவ்வேலை, பழகிய விரல்களுக்குச் சில வினாடி வேலையே.

இவ்வளவும் விரைவிற்காகத்தானா என்று நேயர்கள் கேட்கலாம். விரைவு ஒரு பயன். செம்மை அதனினும் பெரிய பயன். 2010ஆம் ஆண்டில் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரொகோஃப் என்னும் புகழ்பெற்ற பொருளியலாளர் இருவர், அரசுகளின் கடன் மிகும்போது பொருளாதார வளர்ச்சி குன்றுவதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். செலவைச் சுருக்க வேண்டும் என்று வாதிட்ட அரசியலாளர் பலர் அதனைச் சான்று காட்டினர். 2013இல் மசச்சுசெட்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர் தோமஸ் ஹேர்ன்டனும் அவருடைய ஆசிரியர் இருவரும் அந்த ஆய்வின் விரிதாளைத் திறந்து நோக்கினர். 49ஆம் நிரை வரை செல்ல வேண்டிய சராசரிச் சூத்திரம் 44ஆம் நிரையுடன் நின்றிருந்தது. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கினின்றும் விடுபட்டிருந்தன. அவர்கள் எடுத்துக்காட்டிய குறைகள் வேறும் உண்டு. எனினும் விரிதாளில் விடுபட்ட அந்த ஐந்து நிரைகளே உலகெங்கும் பேசப்பட்டன. ஆய்வாளர்களும் அப்பிழையை ஒப்புக்கொண்டனர்.

இத்தகைய பிழையைக் காண ஒரு சாவி போதும். சூத்திரமுள்ள கலத்தில் நின்று எஃப் 2 சாவியைத் தட்டினால், அது எந்தக் கலங்களை உள்ளடக்குகின்றது என்பது வண்ணக் கோடுகளால் திரையில் வரையப்பட்டுத் தோன்றும். எஸ்கேப் சாவியைத் தட்டினால் எதுவும் மாறாமல் வெளியே வந்துவிடலாம். ஆல்ட் சாவியுடன் சமக்குறியைத் தட்டிக் கூட்டுத்தொகை காணும்போதும் இந்தச் சோதனை தேவை. ஏனெனில் அந்தச் சாவி, மேலேயுள்ள இலக்கங்களைத் தானே ஊகித்து எடுத்துக்கொள்ளும். இடையில் வெற்றுக் கலம் ஒன்று கிடந்தால் அதற்கு மேலுள்ளவற்றை விட்டுவிடும்.

இன்னொரு நிகழ்ச்சி. 2020இல் இங்கிலாந்தில் கொரோனாத் தொற்றுப் பரிசோதனை முடிவுகள் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் தொகுக்கப்பட்டன. அந்த வடிவத்தில் ஒரு தாள் 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காது. மிகுந்தவை கோப்பில் ஏறவில்லை. செப்டெம்பர் 25ஆந் திகதி முதல் ஒக்டோபர் 2ஆந் திகதி வரை 15,841 தொற்றாளரின் விபரம் இவ்வாறு விடுபட்டமையால், அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று. இன்றைய எக்செல் தாள் 10,48,576 நிரைகளை ஏற்கும். ஆனால் பழைய வடிவக் கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. தரவுகளைப் பெற்றவுடன் கொன்ட்ரோலும் கீழம்புமாக இறுதிக்குச் சென்று, அங்குள்ள நிரையின் இலக்கத்தைப் பார்க்கும் பழக்கம் நல்லது. அது எதிர்பார்த்த அளவினதா? தாளின் எல்லையிலேயே முட்டிக்கொண்டு நிற்கின்றதா? ஒரு வினாடியில் விடை கிடைக்கும்.

சாவிகள் நன்மையை விரைவாக்குவது போலவே பிழையையும் விரைவாக்கும் என்பதையும் மறத்தலாகாது. மூவாயிரம் விடைகளை ஒரு தட்டில் நிரப்புகின்ற விரல், மூவாயிரம் பிழைகளையும் ஒரு தட்டில் நிரப்பிவிடும். ஆகையால் பெரிய மாற்றத்தின் பின் மேற்சென்று ஒரு கலத்தையும், இறுதிக்குச் சென்று ஒரு கலத்தையும் எஃப் 2 கொண்டு சோதிக்க வேண்டும். கோப்பைச் சேமிக்கும் கொன்ட்ரோல், எஸ் ஆகிய இரு சாவிகளை இடையிடையே தட்டுவதும் நன்று. படம் வரைதல், நிரலின் அகலத்தைச் சீராக்குதல் போன்ற வேலைகளுக்குச் சுட்டி உகந்ததே. அதனை வெறுக்க வேண்டியதில்லை.

பழகுவது எவ்வாறு? நீண்ட பட்டியலைச் சுவரில் ஒட்டி ஒரே நாளில் கற்க முயல்வோர் ஒரு கிழமையில் அனைத்தையும் மறந்துவிடுவர். உங்கள் வேலையில் நாள்தோறும் நேர்கின்ற மூன்று செயல்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றுக்குரிய சாவிகளை ஒரு சிறு துண்டில் எழுதித் திரையின் ஓரத்தில் வையுங்கள். அந்த மூன்று செயல்களுக்கும் சுட்டியைத் தொடுவதில்லை என்று ஒரு கிழமை உறுதிகொள்ளுங்கள். முதல் இரண்டு நாட்கள் வேலை மெதுவாகவே நடக்கும்; அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விரல்கள் தாமாகவே செல்லத் தொடங்கியதும் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, அடுத்த மூன்றை எழுதுங்கள். சாவியைத் தேடுவதில் அலையாத கண்கள், கணக்கைப் பார்ப்பதற்கு ஓய்வு பெறும்.