தாயைக் காட்டும் ரப்பர் கொட்டை

ஒரு கூடை ரப்பர் கொட்டையை என் முன்னால் கொட்டினால், எவையெவை ஒரே தாய்க்குப் பிறந்தவை என்று இப்போதும் பிரித்து வைத்துவிடுவேன். மலாக்காவில் சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்கும் இது வரும். ஒரு மரத்தடியில் கிடக்கும் கொட்டைகளில் பழுப்புக் கோடும் புள்ளியும் ஒரே மாதிரி இருக்கும். அடுத்த மரத்தில் வேறு மாதிரி. சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, பக்கத்தில் இருப்பவள் கையில் வைத்து அலற விடுவதற்கு முன்னால், "இது எங்கம்மா நிரையில பொறுக்கினது, குடுடி" என்று ஒரு சண்டை நடக்கும்.

இந்த விளையாட்டுக்குள் அறிவியல் இருக்கிறது என்று பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது. கொட்டையின் ஓடு முழுக்கத் தாய் மரத்தின் திசுவிலிருந்தே உண்டாகிறது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்திருந்தாலும் அதற்கு ஓட்டில் பங்கே கிடையாது. அதனால்தான் ஓட்டைப் பார்த்துத் தாயைச் சொல்ல முடிகிறது. ரப்பர் ஆராய்ச்சிக்காரர்களும் மர ரகங்களை அடையாளம் காண இதே வழியைக் கையாண்டார்கள். ஒரே ரகத்தை ஒட்டுக் கட்டிய மரங்கள் நிற்கும் காட்டில் எல்லாக் கொட்டைக்கும் ஒரே முகம்தான். அங்கே எங்கள் சண்டை செல்லாது.

வெயில் ஏறினால் காய் 'பட்' என்று வெடித்து, கொட்டையைப் 15 மீட்டருக்கு அப்பாலும் வீசும். விழுந்த கொட்டைக்கு ஆயுசு குறைவு. சில வாரத்தில் முளைக்கும் சக்தி போய்விடும். ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயரைப் பாடாய்ப் படுத்தியது இந்தக் குணம்தான். 1876இல் அவர் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 கொட்டைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ஆயிரத்துக்கு 10 பவுன் கூலி. முளைத்தவை மூவாயிரம்கூட இல்லை. திருடிக்கொண்டு போனார் என்று கதை சொல்வார்கள்; ஆனால் கொட்டையை வெளியே கொண்டுபோவதற்கு அன்றைய பிரேசிலில் தடைச் சட்டம் எதுவும் இல்லை. கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22. மலாயாவின் ரப்பர் மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை அவைதான். அவற்றில் சில பேராவிலுள்ள கோலகங்சாருக்குப் போயின.

வந்த மரத்தை வைத்து என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்த ஹென்றி ரிட்லி, தோட்டக்காரர்களைக் காணும்போதெல்லாம் ரப்பர் நடச் சொல்லிக் கொட்டைகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் விழுந்தது. காப்பி நன்றாக விலை போன காலம் அது, யார் கேட்பார்கள்? முதலில் கேட்டவர் எங்கள் மலாக்காக்காரர், தான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக எழுந்த முதல் ரப்பர் தோட்டம் அதுதான். அடுத்து, எங்கள் ஜாசின் மாவட்டத்து அசகானில் சுமார் 3,000 ஏக்கர்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பிரேசிலில் காப்பி அளவுக்கு மீறி விளைந்து, உலகச் சந்தையில் விலை சரிந்தது. காப்பியில் கையைச் சுட்டுக்கொண்ட மலாயாத் துரைமார்கள் ரப்பருக்குத் தாவினார்கள். அந்த ரப்பர் பிரேசிலின் காட்டு ரப்பரையே சந்தையிலிருந்து விரட்டிவிட்டது. ஆக, பிரேசிலின் காப்பிதான் பிரேசிலின் ரப்பரைக் கெடுத்தது!

ரிட்லியின் பெரிய சாதனை நடச் சொன்னது அல்ல, வெட்டச் சொல்லிக் கொடுத்தது. அமேசானில் கோடரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். ஒரே வெட்டை மறுபடி மறுபடி மெல்லிசாகச் சீவித் திறந்தால் பால் கூடுகிறது, உள்ளே காயம் படாவிட்டால் பட்டை மறுபடி வளர்கிறது என்று அவர் சோதித்துக் காட்டினார். மில்லிமீட்டர் கணக்கு. எங்கம்மா உளியை இழுக்கும்போது சுருண்டு விழும் பட்டை, தேங்காய்த் துருவல் கனம்தான் இருக்கும். கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் கட்டையில் காயம். தண்டல் (மேற்பார்வையாளர்) பார்த்தால் திட்டு விழும்; அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அடுத்த சுற்றில் உளியே ஏறாது.

வெட்டுக் கோடு ஏன் எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்கிறது? பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை. சராசரியாக மூன்று, நான்கு டிகிரி வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மாற்றி வெட்டினால் பால் குறையும். விடியுமுன் பெரட்டுக்கு (பெயர்ப்பதிவுக்கு) ஓடி, இருட்டிலேயே நிரையில் நின்றதற்கும் காரணம் உண்டு. அந்த நேரத்தில் பால் குழாய்க்குள் அழுத்தம் சுமார் 10 வளிமண்டலம், கார் டயரில் இருப்பதைப்போல் நாலைந்து மடங்கு. வெயில் ஏறி இலை நீரை இழக்கத் தொடங்கினால் அழுத்தம் இறங்கி, மங்கில் (பால் கோப்பையில்) சேரும் பால் குறைந்துவிடும். துரை சொன்னதால் எழுந்தோம் என்று நினைத்திருந்தேன். எழுப்பியது மரம்.

பால் ஓட்டம் நிற்பதும் மரத்தின் வேலையே. வெட்டுவாயில் பால் உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். அந்தக் கோட்டுப்பாலை அடுத்த முறை உரித்தெடுத்த பிறகுதான் உளி வைக்க வேண்டும்.

ஆனால் பிறந்த மண்ணில் இந்த மரத்தைத் தோட்டமாக்க முடியவில்லை. கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1920களின் கடைசியில் அமேசானிலேயே ஒரு பெரிய ரப்பர் தோட்டம் போட்டுப் பார்த்தார். காட்டில் சிதறி நிற்கும்போது தப்பித்த மரங்கள், வரிசையாக நெருங்கி நின்றதும் இலைக்கருகல் பூஞ்சைக்கு இரையாயின. 1945இல் ஃபோர்டு நிறுவனம் அதைப் பிரேசிலுக்கே திருப்பி விற்றுவிட்டது. அந்தப் பூஞ்சை மட்டும் கடல் தாண்டியிருந்தால் நம் கதையே வேறு.

விக்கமுக்கு 1920இல் சர் பட்டம் கிடைத்தது. ரிட்லி நூறு வயது வாழ்ந்து 1956இல் இறந்தார். கங்காணி கூட்டிவந்து இங்கே உளி பிடித்தவர்களின் பெயர் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. இன்று எங்கள் பக்கம் பெரும்பாலும் செம்பனை. கோலகங்சாரில் அந்த முதல் தலைமுறை மரம் ஒன்றை இன்னும் வைத்துக் காக்கிறார்கள்; அந்த வழியாகப் போனால் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டில் பால் வெட்டிய பாட்டி இருந்தால், அதற்கு முன்னால் அவர் கையில் ஓர் உளியைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது, எப்படி இழுப்பது என்று செய்து காட்டச் சொல்லிக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.