கெட்டிமேளத்துக்கு அரை நொடி முன்னால்

தமிழ்நாட்டுக் கல்யாணத்தில் ஃபோட்டோகிராபர் கேட்டால் எதையும் இன்னொரு தடவை செய்வார்கள். மாலையை மூன்று முறை மாற்றிக்கொள்வார்கள். மெட்டி போடும் மாப்பிள்ளை, பெண்ணின் காலைப் பிடித்தபடியே கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். தாலி மட்டும்தான் விதிவிலக்கு. முடிச்சை அவிழ்த்து மறுபடி போடச் சொல்ல யாருக்கு வாய் வரும்? இரண்டு நாள் உழைப்பில் மற்றதெல்லாம் அழகாக வந்து, அந்தச் சில நொடி மட்டும் தவறிப்போனால், ஆல்பத்தைப் புரட்டும் ஒவ்வொருவரும் அதைத்தான் கேட்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், கண்ணால் பார்த்ததைப் படம் பிடிக்க மனிதரால் முடியாது. ஒரு காட்சி கண்ணில் பட்டு, மூளை அதை உணர்ந்து, விரல் பொத்தானை அழுத்த ஏறத்தாழ 0.2 நொடி ஆகிவிடுகிறது. காதில் விழும் ஒலிக்கு இன்னும் கொஞ்சம் சீக்கிரம், 0.15 நொடி அளவில், உடல் எதிர்வினை காட்டும். இதற்கு மேல் கேமராவின் சொந்தத் தாமதம் வேறு. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிட வேண்டும். அதற்கும் நொடியின் ஒரு சிறு பங்கு போகும். ஆக, பார்த்துவிட்டு அழுத்தினால் கிடைப்பது அடுத்த காட்சிதான்.

அதனால் அனுபவப்பட்டவர் தாலியைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. தேங்காய்த் தட்டில் தாலி சபையைச் சுற்றி ஆசி வாங்கிக்கொண்டு மேடைக்குத் திரும்பிவிட்டதா என்று பார்க்கிறார். ஐயரின் விரல் நாகஸ்வரக்காரர் பக்கம் அசைவதைக் கவனிக்கிறார். தவில் வேகம் எடுப்பதற்குள் அவர் விரல் பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தாழ்த்தும்போது படங்கள் ஓடத் தொடங்கிவிடும். மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடும் குடும்பம் உண்டு. முதல் முடிச்சு அவர், மீதி இரண்டும் நாத்தனார் என்ற வழக்கமும் உண்டு. நாத்தனார் என்றால் அவர் பெண்ணுக்குப் பின்னால் வந்து குனிவார், இன்னொரு பக்கம் மறையும். இதை முந்தின நாள் ரிசப்ஷனிலேயே கேட்டு வைத்துக்கொள்ளாதவர், மறுநாள் மாப்பிள்ளையின் முழங்கையைத்தான் படம் பிடிப்பார்.

கல்யாண ஃபோட்டோ என்பது இப்படி ஊகத்தால் ஆன பொருள். ஊகிப்பவர் மனிதர் மட்டும் அல்ல. மீதிப் பாதியைக் கேமராவே ஊகிக்கிறது.

முதலில் ஃபோகஸ். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 அளவுக்குத் திறந்து, இரண்டரை மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்தைப் படமெடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 9 சென்டிமீட்டர்தான். மூக்குத்தி தெளிவாக இருக்கும், காது ஜிமிக்கி மங்கத் தொடங்கும். இன்றைய கேமராவின் சென்சாரிலேயே ஒளியை உணரும் நுண்ணிய புள்ளி இணைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று லென்ஸின் இடது ஓரம் வழியாக வரும் ஒளியையும் மற்றது வலது ஓரம் வழியாக வருவதையும் பார்க்கும். இரண்டு பார்வைக்கும் உள்ள விலகலை அளந்தால், லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று தெரிந்துவிடும். நகரும் ஆளாக இருந்தால், ஷட்டர் திறக்கும் நேரத்தில் அவர் எங்கே இருப்பார் என்பதையும் முந்தைய அளவுகளை வைத்துக் கேமரா கணித்துக்கொள்ளும். ஓட்டப் பந்தயத்தில் இது அருமையாக வேலை செய்கிறது. கெட்டிமேளத்தின்போது நானூறு பேர் மஞ்சள் அரிசியை வீசுவார்கள் என்பது கேமரா கம்பெனிக்காரர்களுக்கு யார் சொல்வது? முகத்துக்கு முன்னால் பறக்கும் அட்சதைதான் முக்கியமான ஆள் என்று நினைத்துக் கேமரா அதற்குத் தாவினால், அரிசி ஒவ்வொன்றும் பளிச்சென்று விழும், மணமக்கள் மங்கிப்போவார்கள். குறுக்கே எது வந்தாலும் சற்றுப் பொறுத்தே கவனத்தை மாற்று என்று கேமராவுக்குச் சொல்லும் வசதி உண்டு. முகூர்த்தத்துக்கு முன்பே அதைத் திருத்தி வைப்பது இந்தத் தொழிலின் சின்ன ரகசியம்.

அடுத்த ஊகம் வெளிச்சம் பற்றியது. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது வேட்டியா, எருமையா என்று தெரியாது. சராசரியாக எல்லாக் காட்சியும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற அனுமானத்தில் அது அளக்கிறது. விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டைதான் ஃபோட்டோகிராபர்களின் பழைய அளவுகோல். எதிரே பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, வெள்ளை அங்கவஸ்திரம் என்று மாப்பிள்ளை முழு வெண்மையில் உட்கார்ந்தால், 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று ஒளிமானி படத்தை இருட்டாக்கும். வேட்டி சாம்பலாகும், ஏற்கெனவே மாநிறமான முகம் இன்னும் கறுத்துப்போகும். ரிசப்ஷனில் அதே ஆள் கறுப்புக் கோட்டு போட்டால் கதை தலைகீழ். கோட்டு வெளிறி, முகம் சுண்ணாம்பு பூசியது போலாகும். இரண்டு தடவையும் கேமரா சொல்வதைக் கேட்காமல் கையால் திருத்துபவரிடம்தான் முகம் முகமாக வரும்.

இதில் வரலாறும் உண்டு. ஃபிலிம் காலத்தில் அச்சிடும் நிலையங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரிப் படங்களை 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இருப்பார். அவர் தோல் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த தோலின் நுணுக்கம் அந்தக் கணக்கிலேயே இல்லை. மரச்சாமான் நிறுவனங்களும் சாக்லேட் நிறுவனங்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று புகார் சொன்ன பிறகே இதில் மாற்றம் வந்தது என்று கனடாவைச் சேர்ந்த ஊடக ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனிதர்கள் கேட்டு நடக்காததைச் சாக்லேட் நடத்திக்காட்டியது.

மூன்றாவது ஊகம் நிறம். கல்யாண ஆல்பம் கைக்கு வந்ததும் பெண்ணின் அம்மாவிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "தம்பி, நாங்க எடுத்தது வாடாமல்லிக் கலர். ஆல்பத்துல நீலமா வந்திருக்கே?" அவர் சொல்வது சரி. தவறு ஃபோட்டோகிராபருடையது மட்டும் அல்ல.

துணி தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி மீதியைத் திருப்பி அனுப்புகிறது. விழாத ஒளியை அதனால் அனுப்ப முடியாது. வாடாமல்லி நிறம் நிறமாலையின் இரு முனைகளான நீலத்தையும் சிவப்பையும் நம்பியிருக்கிறது. மண்டபத்தில் இருப்பதோ வெள்ளை எல்இடி. அதன் உள்ளே இருப்பது நீல விளக்கு. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. சிவப்பு வராத இடத்தில் புடவை நீலத்தை மட்டும் திருப்பி அனுப்பும். சபையில் இருப்பவர்களின் மூளை விளக்கின் நிறத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கப் பழகியது, அதனால் அவர்களுக்கு அது பெரும்பாலும் வாடாமல்லியாகவே தெரியும். கேமராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இருக்கிற ஒளியையும் கேமரா முழுதாக அளப்பதில்லை. 1976இல் கோடாக் விஞ்ஞானி பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே பார்க்கும். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் 1.2 கோடிப் புள்ளிகள் பச்சைக்கு, 60 லட்சம் சிவப்புக்கு, 60 லட்சம் நீலத்துக்கு. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். புள்ளி வைப்பது சென்சார், கோடு இழுத்துக் கோலமாக்குவது கணினி. படத்தின் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி வந்ததுதான். ஜரிகையின் நெருக்கமான இழைகள் இந்தப் புள்ளிகளோடு மோதும்போது துணியில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் முளைப்பதும் இதனால்தான்.

பட்டு தன் பங்குக்கு வேறு குழப்பம் செய்யும். பட்டு நூலின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோணம். அதன் தட்டையான பக்கங்கள் கண்ணாடித் துண்டுகள் போல ஒளியைத் திருப்புகின்றன. மயில்கழுத்துப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பெண் ஒரு அடி எடுத்து வைத்தால் புடவை நிறம் மாறும். எது 'சரியான' நிறம் என்று கேட்டால் நெய்தவரே பதில் சொல்லத் திணறுவார். விவரம் தெரிந்த ஃபோட்டோகிராபர் பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறையிலேயே, ஜன்னல் வெளிச்சத்தில், புடவையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார். பிறகு எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுத் திருத்துவார்.

ஹோமத் தீயை மட்டும் திருத்தாமல் விடுவதே நல்லது என்பது என் கட்சி. தீயின் ஒளி சுமார் 1,900 கெல்வின், மேடை எல்இடி 6,500 கெல்வின் வரை. ஒரே வேட்டியின் ஒரு பக்கம் ஆரஞ்சாகவும் மறுபக்கம் நீலமாகவும் விழும். தீயை வெள்ளையாக்கிக் காட்டும் படங்களைப் பார்த்தால் கேஸ் அடுப்பு முன்னால் கல்யாணம் நடந்தது போல இருக்கிறது.

கடைசியில் குரூப் ஃபோட்டோ. இங்கே எதிரி, கண் இமை. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும், ஒரு குழுவில் யாரும் கண் மூடாத படம் கிடைக்க எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு 2006இல் கணிதத்துக்கான இக் நோபல் வாங்கினார்கள். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. இருபது பேருக்குள் என்றால் நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுக்கவும், மங்கலில் இரண்டால் வகுக்கவும் என்பது அவர்களுடைய விதி. பதினைந்து பேருக்கு ஐந்து படம்.

நம் கூட்டுக் குடும்பத்துக்கு இது போதாது. நிமிடத்துக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் கால் நொடி இமைக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் 24இல் ஒரு பங்கு நேரம் கண் மூடியிருக்கிறார். மேடையில் நாற்பது பேர் நின்றால், எல்லோர் கண்ணும் திறந்திருக்கும் படம் நூறில் 18தான் கிடைக்கும். அதற்குள் ஒரு குழந்தை இறங்கி ஓடியிருக்கும்.

எல்லாப் படத்திலும் கண் மூடியே நிற்கும் மாமா ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவரைக் கிண்டல் செய்வது அநியாயம். ஃபிளாஷின் முழு வெளிச்சம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும். அதைக் கண்டு இமைப்பதற்குள் படம் பதிவாகியிருக்கும். ஆனால் தானியங்கி ஃபிளாஷ், தேவையான வெளிச்சத்தை அளக்க அதற்குச் சற்று முன்பே மெல்ல ஒரு முறை மின்னுகிறது. மாமாவின் இமை வேகமானது. அந்த முதல் மின்னலுக்கே மூடிக்கொள்கிறது. ஃபிளாஷின் அளவைக் கையால் வைத்துவிட்டால் முன்மின்னல் இருக்காது, மாமாவின் கண்ணும் திறந்திருக்கும்.

ஒரு கல்யாணத்தில் சேரும் ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து நல்லவற்றைப் பிரிக்க இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆட்டம் கண்டவை, மங்கியவை, கண் மூடியவை எல்லாவற்றையும் சில நிமிடங்களில் ஒதுக்கித் தள்ளும். முதுகு வலிக்க உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பெரிய விடுதலை. கழுத்தில் தாலி ஏறும்போது பல பெண்கள் கண்ணை மூடிக் கும்பிடுவார்கள் என்பது மட்டும் மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் ஒதுக்கிய குவியலையும் ஒரு தடவை திறந்து பார்க்கிறார்கள். ஆல்பத்தின் நடுப்பக்கப் படம் சில சமயம் அங்கேதான் கிடக்கிறது.