வெட்டிய கட்டி எங்கே போகிறது?

வாய்ப் புற்றுநோய் என்றதும் புகையிலை, பாக்கு, ஆறாத புண், வெள்ளைத் திட்டு என்று எல்லோரும் ஒப்பிப்போம். இந்தக் கணக்கில் அடங்காத ஒன்று உண்டு. மேல் அண்ணம், உதடு, கன்னத்தின் உட்புறம் என வாய் முழுக்க 600 முதல் 1,000 வரை நுண்ணிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் கிளம்பும் அபூர்வப் புற்று, வெற்றிலையைத் தொடாதவருக்கும் வரும்.

பெரும்பாலும் மேல் அண்ணத்தில், நடுக்கோட்டை விட்டு ஒதுங்கி, கடைவாய்ப் பல்லுக்கு உள்பக்கமாக நாக்கில் தட்டுப்படும் ஒரு மேடு. மேல்தோல் வழவழப்பாக இருக்கும், வலிக்காது. பல்லிலிருந்து இறங்கிய சீழ் என்று மாத்திரை போட்டே மாதங்கள் ஓடிவிடும். காதோரச் சுரப்பியில் வரும் கட்டிகள் பெரும்பாலும் சாதுவானவை. வாய்க்குள் இருக்கும் சிறு சுரப்பிக் கட்டிகளிலோ ஏறக்குறைய பாதி புற்று.

என் பெரிய கவலை, வெட்டி எடுத்த பிறகு நடப்பதைப் பற்றியது. கீழுதட்டில் வரும் நீர்க்கொப்புளம் அநேகமாக ஆபத்தில்லாதது. ஆனால் இந்தச் சுரப்பிகளில் வரும் மியூகோஎபிடெர்மாய்டு என்ற புற்றும் சில சமயம் நீலம் பாய்ந்து அதே மாதிரி இருக்கும். ஊசி போட்டு, வெட்டி, தையல் போட்டு, கட்டியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டால் அது என்னவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அடினாய்டு சிஸ்டிக் என்ற வகை நரம்பு வழியே ஊர்ந்து, பத்து வருடம் கழித்துக்கூட நுரையீரலில் தலைகாட்டும்.

பயாப்சியிலும் சூட்சுமம் உண்டு. துணுக்கு மிகச் சிறிதாக இருந்தால், பக்கத்துத் திசுவுக்குள் கட்டி ஊடுருவுகிறதா என்று ஸ்லைடில் தெரியாது. சாதுக் கட்டியும் புற்றும் ஒன்றுபோலத் தோன்றும். எதிர்மாறாகவும் நடக்கும்: அண்ணத்தில் குழி விழுந்து புற்றென்றே பயமுறுத்தும் ஒரு புண், சில வாரங்களில் தானாக ஆறிவிடும். 1973இல்தான் அது தனி நோயாக விவரிக்கப்பட்டது. இதைப் புற்றென்று நினைத்து அண்ணத்தையே அறுத்தெடுத்த கொடுமையும் நடந்திருக்கிறது.

எல்லாவற்றையும் லேபுக்கு அனுப்பினால் நோயாளிக்கு வீண் செலவு என்கிறார்கள் சில பல் மருத்துவர்கள். தவறவிட்ட புற்றுக்குப் பின்னால் ஆகும் செலவை நினைத்தால் இது பெரிதல்ல.

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று பயந்து பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள். வாயில் எந்தக் கட்டியை எடுத்தாலும், “பார்மலினில் போட்டு அனுப்பிவிட்டீர்களா டாக்டர், ரிப்போர்ட் எப்போது வரும்?” என்று கேட்டுவிட்டே நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.