குளியலறைத் தரையை மாற்றும் முன் ஒரு நிமிடம்



பனி கரைந்து வெயில் தலைகாட்டியதும் எங்கள் வீடுகளில் திருத்த வேலைகள் தொடங்கிவிடும். பின்பக்கத்தில் பசை பூசிய வைனல் ரைல்களைப் பலரும் விரும்பி வாங்குகிறார்கள். விலை குறைவு, சீமெந்து குழைக்கத் தேவையில்லை, தாளை உரித்து ஒட்டினால் முடிந்தது. சிறிய குளியலறை ஒன்றை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

இதற்கும் சுகாதாரப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். யூனியன்வில்லில் வசிக்கும் ஒருவர் முழங்கால் நோவுக்காக எம்மிடம் வந்தார். கதையோடு கதையாக, இரண்டு நாட்கள் முழங்காலில் இருந்து குளியலறையின் பழைய தரையைச் சுரண்டி எடுத்ததாகச் சொன்னார். தூசியைக் கூட்டி அள்ளியபோது பேரப்பிள்ளைகளும் பக்கத்தில் நின்றார்களாம். வீடு எப்போது கட்டப்பட்டது என்று கேட்டோம். "எழுபதுகளில்" என்றார். முழங்காலை விட்டுவிட்டுத் தரையைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

பழைய தரையில் என்ன இருக்கிறது?

யூனியன்வில் பிரதான வீதியில் 19ஆம் நூற்றாண்டு வீடுகள் இன்றும் நிற்கின்றன. சுற்றியுள்ள பகுதிகளில் 1970களிலும் 80களிலும் கட்டப்பட்ட வீடுகள் ஏராளம். அந்தக் காலத்து வைனல் ரைல்களிலும், அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும், விரிப்பாக வந்த வைனலின் அடித்தாளிலும் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், கலக்கப்பட்டிருக்கலாம். 9 அங்குலச் சதுர ரைல்கள் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். ஆனால் அளவையோ நிறத்தையோ பார்த்து எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஆய்வுகூடப் பரிசோதனை ஒன்றே வழி. 1990க்கு முன் கட்டப்பட்ட வீடு என்றால், உடைக்கும் முன் பரிசோதிப்பது நல்லது.

ஊரில் கூரைக்குப் போட்ட அஸ்பெஸ்டஸ் சீற் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதே பொருளைக் கியூபெக் மாகாணத்துச் சுரங்கங்களில் தோண்டிப் பல ஆசிய நாடுகளுக்கும் கனடா ஏற்றுமதி செய்தது. அந்தச் சுரங்க வேலை 2011ஆம் ஆண்டோடு நின்றது. 2018இன் இறுதியில் கனடாவில் கல்நார்ப் பொருட்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஏற்கெனவே வீடுகளுக்குள் இருப்பது அப்படியேதான் இருக்கிறது.

அசையாமல் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு

முழுதாக, இறுக்கமாக ஒட்டியிருக்கும் பழைய ரைல் சும்மா இருக்கும்வரை எவருக்கும் தீங்கு செய்வதில்லை. உடைக்கும்போதும், சுரண்டும்போதும், மண்கடதாசியால் தேய்க்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கின்றன. மூச்சோடு போகும் இழைகள் நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் ஆகியவை 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து பல மடங்காகும்.

எனவே, பழைய ரைல் சமமாகவும் உறுதியாகவும் இருந்தால் அதைக் கிளறாமல் மேலேயே புதியதை ஒட்டுங்கள். சந்தேகமான தரையில் துளை போடவோ ஆணி அடிக்கவோ வேண்டாம். ரைல் உடைந்தோ உதிர்ந்தோ இருந்தால் தொடாதீர்கள். பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு மாதிரி எடுத்துப் பரிசோதியுங்கள். கல்நார் இருப்பது உறுதியானால் அகற்றுவதையும் அவர்களிடமே விடுங்கள்.

ஒட்டும் முறை

1. புதிய ரைல் பெட்டிகளை இரண்டு நாட்கள் வீட்டு வெப்பத்தில் வையுங்கள். 30 சதுர அடித் தரைக்கு, வெட்டுக் கழிவையும் சேர்த்து, ஓர் அடி ரைல்கள் 33 போதும்.

2. தரையை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பள்ளங்களைச் சமப்படுத்தும் கலவையால் நிரப்புங்கள். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் பசை பிடிக்காது.

3. அறையின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, உரிக்காமல் அடுக்கிப் பாருங்கள். பிறகு நடுவிலிருந்து சுவரை நோக்கி ஒட்டுங்கள். இழுத்து நகர்த்தாமல் நேராக வைத்து, உருளையால் அழுத்துங்கள்.

4. கொமட்டைச் சுற்றி வெட்டுவதற்கு முதலில் கடதாசியில் அளவு வெட்டிப் பாருங்கள். கொமட்டைக் கழற்றினால் தண்ணீரை அடைத்துவிட்டு, திரும்பப் பூட்டும்போது புதிய மெழுகு வளையம் போடுங்கள்.

5. குளியல் தொட்டியின் ஓரத்தைச் சிலிக்கோனால் அடையுங்கள். முழங்காலுக்குத் தடித்த மெத்தை போட்டு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடவுங்கள்.

வீட்டில் வயதான அம்மா, அப்பா இருந்தால் பளபளப்பான ரைல் வேண்டாம். சற்றுச் சொரசொரப்பானதாகத் தேர்ந்தெடுங்கள். நீரிழிவினால் கால் மரத்தவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் ஈரத் தரையில் ஒரு வழுக்கலே பெரும் ஆபத்து. ஓரம் கிளம்பிய ரைலை அன்றே ஒட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே உடைத்துவிட்டால்?

வேலையை நிறுத்துங்கள். கூட்டாதீர்கள். சாதாரண வக்குயூம் போடாதீர்கள், அது இழைகளை வீடு முழுவதும் பரப்பும். வெப்பமூட்டியின் காற்றை நிறுத்தி, கதவை மூடி, பிள்ளைகளைத் தள்ளி வைத்து, அனுபவமுள்ளவர்களை அழையுங்கள்.

"எக்ஸ்றே எடுத்தால் தெரியுமா?" என்று அந்த நண்பர் கேட்டார். இப்போது எடுத்தால் எதுவும் தெரியாது. ஒரேயொரு தடவை பட்ட தூசியால் நோய் வரும் வாய்ப்பு மிகவும் குறைவு என்பதையும் சொன்னோம். நடந்ததை அவருடைய கோப்பில் பதிந்தோம். புகைப்பதை நிறுத்தச் சொன்னோம்.

நாம் அதிகம் கவலைப்படுவது வேறு சிலரைப் பற்றி. மற்றவர்களுடைய வீடுகளில் நாளுக்கு நாள் தரை உடைக்கும் எங்கள் பிள்ளைகளைப் பற்றி. நாமும் அகதியாக இங்கு வந்த புதிதில், மருத்துவப் பதிவு கிடைக்கும் முன், ஒரு கோடை முழுவதும் கைக்காசுக்கு அந்த வேலை செய்தோம். முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். என்ன தூசி என்று எவரும் சொல்லவில்லை, கேட்கவும் எமக்குத் தெரியவில்லை. ஒன்ராறியோவில் ஆபத்தான வேலையை மறுக்கத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அப்படி வேலை செய்தவர்கள், எத்தனை வருடங்கள் கடந்திருந்தாலும், தங்கள் குடும்ப வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூச்சு வாங்குதலோ நீடித்த இருமலோ இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

புதிய தரை வீட்டுக்கு அழகுதான். பழைய தரையில் கை வைக்கும் முன் வீட்டின் வயதைக் கேளுங்கள்.