பரணில் கிடக்கும் கலர் டிவி: பேரீச்சம்பழத்துக்குப் போட்டால் என்ன ஆகும்?

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

இந்தக் குரல் கேட்காத தெரு தமிழ்நாட்டில் இருக்காது. இப்போது தள்ளுவண்டி போய் குட்டியானை வந்துவிட்டது. தொண்டை கிழியக் கத்துவதற்குப் பதில் ஸ்பீக்கரில் பதிவு செய்த குரல். பேரீச்சம்பழத்துக்குப் பதில் பிளாஸ்டிக் குடம், இல்லையென்றால் கையில் காசு. மற்றபடி வியாபாரம் அதேதான். வீட்டில் வேண்டாதது எதுவானாலும் வாசலுக்குத் தூக்கி வந்தால் போதும்.

ஒரு பொருளைக் கண்டால் மட்டும் வண்டிக்காரர் முகம் சுளிப்பார். பின்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும் பெட்டி டிவி. திருநெல்வேலி பக்கம் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணாச்சி, இந்த டிவிய எடுத்துக்கிடுவியளா?"

"பொட்டி டிவியாக்கா? அதுல ஒண்ணும் தேறாதே. சும்மா குடுத்தா எடுத்துக்கிடுதேன்."

சும்மா கொடுத்த அந்த டிவி அதன்பிறகு எங்கே போகிறது? கோரைப் பாய்க்குப் பேர் போன பத்தமடை போன்ற ஒரு சின்ன ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அது ஆற்றங்கரை வரை இழுத்துக்கொண்டு போகிறது.

ஒன்றரைக் கோடி டிவிகள்

தமிழ்நாட்டுப் பரண்களில் பெட்டி டிவி இவ்வளவு இருப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த இலவச கலர் டிவி வாக்குறுதி. அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திட்டம் தொடங்கியது. 2011இல் ஆட்சி மாறுவதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 இன்ச் டிவிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்து வந்த அ.தி.மு.க. ஆட்சி மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. மாணவர்களுக்கு லேப்டாப்பும் கொடுத்தது.

இந்தத் திட்டங்களைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், வீட்டில் டிவியே இல்லாதவர்களுக்கும் டிவி கிடைத்தது என்பது உண்மை. பலர் அதில் செட்-டாப் பாக்ஸ் மாட்டி இன்னும் பார்க்கிறார்கள். ஆனால் 2008இல் வாங்கிய டிவிக்கு இப்போது வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், டிவி விநியோகம் நடந்துகொண்டிருந்த அதே 2010இல்தான் தமிழ்நாடு அரசு மின்கழிவுக்கென்று ஒரு கொள்கையையும் வெளியிட்டது. கொடுக்க ரேஷன் கார்டு வாரியாகப் பட்டியல் இருந்தது. திரும்ப வாங்க அப்படி ஒரு பட்டியல் போடப்படவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

டிவியைத் திறந்தால் பழைய சாமான் வியாபாரிக்குப் பிடித்தது முதலில் கண்ணில் படும். பிக்சர் டியூபின் கழுத்தைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள். டியூபின் முகத்தைச் சுற்றி இன்னொரு சுருள். ஸ்பீக்கரில் ஒரு காந்தம். சர்க்யூட் போர்டு. கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் அலுமினியம். வெளியே பிளாஸ்டிக் கூடு.

இவையெல்லாம் போனால் மிச்சம் நிற்பது கண்ணாடி. டிவியின் எடையில் பெரும்பங்கு அதுதான். அது ஜன்னல் கண்ணாடி மாதிரி இல்லை. டிவி ஓடும்போது டியூபுக்குள் 20 ஆயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். அதில் லேசாக எக்ஸ்ரே கதிரும் உண்டாகும். அது பார்ப்பவர் மேல் படாமல் தடுக்கத்தான் கண்ணாடியிலேயே ஈயத்தைக் கலந்தார்கள். பின்பக்கத்துக் கூம்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈய ஆக்ஸைடு இருக்கும். டிவி உயிரோடு இருந்தவரை வீட்டைக் காத்தது அந்த ஈயம்தான்.

தெருவில் "ஈயம், பித்தளை" என்று கூவி வந்தாலும், இந்த ஈயம் யாருக்கும் வேண்டாம். காரணம், அதைக் கண்ணாடியிலிருந்து பிரிக்க உலை வேண்டும். சுத்தியல் போதாது. முன்பெல்லாம் பழைய டியூப் கண்ணாடியை உருக்கிப் புதிய டியூப் செய்தார்கள். எல்இடி டிவி வந்த பிறகு டியூப் செய்கிற தொழிலே நின்றுபோனது. இப்போது அந்தக் கண்ணாடி போகக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, ஈயம் உருக்கும் ஆலை. மற்றொன்று, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற, அபாயகரக் கழிவுகளுக்கான பாதுகாக்கப்பட்ட கிடங்கு. இரண்டுக்கும் கொண்டுபோகக் கைக்காசு செலவாகும்.

ஆகவே நடப்பது இதுதான். டியூபின் கழுத்தில் ஒரு தட்டு. உடைந்ததும் செம்புச் சுருள் கையோடு வரும். ஒயரின் மேல் இருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கொளுத்திவிடுவார்கள். அந்தப் புகையில் டையாக்ஸின் போன்ற நச்சுகள் உண்டு. கண்ணாடி, ஊருக்கு வெளியே எங்காவது போய் விழும்.

இவரை வில்லனாக்குவதில் நியாயமில்லை. அவருக்குத் தேறுவது செம்புக்கான காசு மட்டும்தான். கண்ணாடிக்கு அவருக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை.

இதில் இன்னொரு கூத்து, 'சிவப்பு பாதரசம்'. பழைய டிவி, ரேடியோவுக்குள் லட்சக்கணக்கில் விலை போகும் சிவப்பு பாதரசம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு கதை சுற்றும். அப்படி ஒரு பொருளே டிவிக்குள் கிடையாது. அதை நம்பி ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் கிடைப்பது ஷாக் மட்டும்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும். உள்ளே காற்று இல்லாததால், தப்பான இடத்தில் அடி பட்டால் கண்ணாடி சிதறித் தெறிக்கும்.

ஆற்றுக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம்?

பத்தமடை பாய்க்கு 2013 வாக்கில் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டுப் போல மடியும் அந்தப் பாயின் ரகசியம் தறியில் மட்டும் இல்லை. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, பிறகு ஓடுகிற தண்ணீரில் சில நாள் ஊறப்போடுவார்கள். தண்டு உப்பி மெதுவாகும். அதன்பிறகுதான் அதை மெல்லிய இழையாகக் கிழிக்க முடியும். ஓடும் ஆற்றுநீர் இல்லையென்றால் பட்டுப் பாயும் இல்லை.

ஊரின் வயல்களுக்குத் தண்ணீர் கன்னடியன் கால்வாயில் வருகிறது. கீழே திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் குடிப்பதும் இதே ஆற்றைத்தான். சின்ன ஊர்களில் 'ஊருக்கு வெளியே' என்பது பல நேரம் கால்வாய்க் கரை, குளத்து மேடு, ஓடைப் பள்ளம்தான்.

ஒரு டியூபை உடைத்துப்போட்டால் மறுநாளே ஆறு விஷமாகிவிடாது. முழுக் கண்ணாடியிலிருந்து ஈயம் சுலபமாகக் கசியாது. அது நொறுங்கித் தூளாகும்போதும், மற்ற குப்பையோடு சேர்ந்து புளித்த நீரில் ஊறும்போதும்தான் கசிவு கூடும். தூள் மண்ணில் கலந்தால் திரும்ப எடுக்க வழியில்லை. ஈயம் மக்குவதும் இல்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் இந்த உலோகத்துக்கு 'இந்த அளவுவரை பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2024 டிசம்பரில், இதே மாவட்டத்தில் கொடகநல்லூர், பழவூர் பகுதிகளில் கேரளத்தின் மருத்துவக் கழிவு கொட்டப்பட்டது பெரிய செய்தியானது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. அடுத்த மாநிலத்துக் குப்பை என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. சொந்த வீட்டு டிவி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேருவதற்கு எந்தச் செக்போஸ்ட்டும் இல்லை.

சட்டம் யாரைக் கை காட்டுகிறது?

இப்போது நடைமுறையில் இருப்பது மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. டிவி, பிரிட்ஜ், செல்போன் தொடங்கிப் பொம்மை வரை 106 வகைப் பொருட்கள் இதன்கீழ் வருகின்றன.

அடிப்படை எளிமையானது. பொருளை விற்ற நிறுவனம்தான் அது குப்பையான பிறகும் பொறுப்பு. விற்ற பழைய பொருட்களின் எடையில் இத்தனை சதவீதம் மறுசுழற்சி ஆனதாக அது கணக்குக் காட்ட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, 2027-28 முதல் 80. நிறுவனமே வீடு வீடாகப் போய் அள்ளத் தேவையில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சி ஆலையிடம் அதற்கான சான்றிதழை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். அந்த விலை அடிமாட்டு விலையாகிவிடக் கூடாது என்று 2024இல் மத்திய அரசு வீட்டு மின்னணுப் பொருட்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 22 ரூபாய் என்று நிர்ணயித்தது. இதை எதிர்த்துச் சில பெரிய நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன.

இங்கேதான் ஒரு ஓட்டை. அந்தச் சான்றிதழ் கணக்கிடப்படுவது தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகங்களை மீட்பதை வைத்து. ஈயக் கண்ணாடி அந்தப் பட்டியலில் இல்லை. தெருவில் குட்டியானை ஓட்டுபவரின் கணக்கும் டெல்லியின் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: செம்புக்கு மதிப்பு உண்டு, கண்ணாடிக்கு இல்லை.

தயாரித்த கம்பெனியே மூடப்பட்டிருந்தால்? பிராண்டு பெயரே இல்லாத அசெம்பிள் சாமான் என்றால்? அப்படிப்பட்ட அநாதைப் பொருட்களைச் சேகரித்து, பதிவு பெற்ற ஆலைக்கு அனுப்புவது உள்ளாட்சி அமைப்பின் வேலை என்று விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. குப்பையோடு கலந்து வரும் மின்கழிவைப் பிரித்து அனுப்புவதும் அவர்கள் பொறுப்புதான். பத்தமடையைப் பொறுத்தவரை அது பேரூராட்சி.

ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022இல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம்தான். ஆக, இது பத்தமடையின் தனிப் பிரச்னை இல்லை. ஆனால் பதிவு பெற்ற ஆலைகளில் பல சென்னையைச் சுற்றி இருப்பதால், 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்க்காரருக்குச் சிரமம் கூடுதல்.

அப்போ என்னதான் செய்வது?

டிவி ஓடுகிறது என்றால் அது கழிவே இல்லை. ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்கள் சின்ன ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். தேவைப்படுபவருக்குக் கொடுத்துவிடலாம்.

ஓடவில்லை என்றால் முதலில் பின்பக்கத்தில் கம்பெனி பெயரைப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் பழைய பொருளைத் திரும்பப் பெறுவதற்கென்று கட்டணமில்லாத் தொலைபேசி எண் வைத்திருக்கின்றன, அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கும். கூப்பிட்டால் உடனே வண்டி வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கூப்பிடாமல் வராது. புது டிவி வாங்கும்போது கடையில் எக்ஸ்சேஞ்ச் கேட்கலாம். விலையில் பெரிதாகக் குறையாவிட்டாலும், பழையது முழுசாக வீட்டைவிட்டுப் போகும்.

கம்பெனி இல்லை என்றால் பேரூராட்சி அலுவலகம். வாய்வார்த்தையாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்று முடிந்துவிடும், மனுவாக எழுதிக் கொடுப்பது நல்லது. அநாதைப் பொருட்களை எடுப்பது விதிப்படி உங்கள் பொறுப்பு என்ற ஒரு வரி அதில் இருக்கட்டும். அங்கே நகரவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகமும் திருநெல்வேலியில் இருக்கிறது.

ஒரு டிவிக்காக எந்த ஆலையும் அவ்வளவு தூரம் வண்டி அனுப்பாது. நூறு டிவி என்றால் யோசிக்கும். தெருவோ, ஜமாஅத்தோ, கோயில் கமிட்டியோ, பள்ளிக்கூடமோ, மகளிர் குழுவோ ஒரு நாள் குறித்து ஒரே இடத்தில் சேர்த்தால் கணக்கு மாறும். எடுக்க வருபவரிடம் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பெயரைச் சரிபார்க்கலாம்.

வேறு வழியே இல்லாமல் பழைய சாமான் கடைக்கே போட்டாலும், முழு டிவியாகக் கொடுங்கள். உடைக்காமல் மொத்தமாகச் சேர்த்து மேலே அனுப்பும் வியாபாரிகளும் உண்டு. "அண்ணாச்சி, உடைப்பியளா, முழுசா அனுப்புவியளா?" என்று கேட்பதில் தப்பில்லை.

செல்போனும் பேட்டரியும்

பெட்டி டிவியோடு ஒப்பிட்டால் இவை சுலபம். இன்வெர்ட்டர், பைக் பேட்டரிக்குக் கடையிலேயே விலை குறைத்து எடுத்துக்கொள்வார்கள். அதில் இருக்கும் ஈயத்துக்கு மதிப்பு உண்டு, அதனால் அது தானாகவே திரும்பிப் போகிறது.

செல்போனை விற்கும் முன் சிம், மெமரி கார்டைக் கழற்றி, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். பணம் அனுப்பும் ஆப்கள் இருந்த போன் என்றால் இதில் சோம்பல் கூடாது. உப்பிப்போன லித்தியம் பேட்டரியைக் குத்தவோ, குப்பையில் போடவோ வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் என்னவென்று சொல்லிக் கொடுங்கள். டியூப்லைட், சிஎஃப்எல் பல்புகளில் பாதரசம் இருக்கிறது. உடையாமல் அட்டையில் சுற்றித் தனியாகத் தர வேண்டும்.

டிவியை எடுக்க இன்னும் யாரும் வரவில்லையா? அதுவரை பரணிலேயே இருக்கலாம். மழைச் சாரல் படாத, குழந்தைகள் இழுத்துப்போட முடியாத இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கீழே இறக்கித் தரையில் வைப்பதென்றால் படம் தெரியும் பக்கத்தைக் கீழே பார்த்துக் கவிழ்த்து வையுங்கள். கனமெல்லாம் அந்தப் பக்கம், உடையக்கூடிய கழுத்து இந்தப் பக்கம். அடியில் ஒரு பழைய பாய் விரித்தால் போதும்.